பெரிலின் கார் ஷெட் ஜன்னல்

மார்ச் 4
பக்கத்து வீட்டு பெரில் வேலியருகே வந்து ஒரு வரைபடத்தை ஆட்டினாள். "ஹில்டா, கார் ஷெட்டை ரூமா மாத்தப் போறோம்டி! அக்கா மேவிஸ் வேல்ஸ்லேருந்து இங்கேயே வந்துடறா. அவளால மாடி ஏற முடியாதில்ல?" நல்லது என்றேன். பதினைந்து வருடமாக அவளோடு தினமும் நாலு மணி டீ குடிப்பவள் நான். இனி அவள் வீட்டில் எனக்கு எதற்கு நாற்காலி? வயிறு எரிகிறது.

மார்ச் 11
தெருவிளக்குக் கம்பத்தில் கவுன்சில் அறிவிப்பு. எங்கள் தெருவில் கார் ஷெட்டை அறையாக்க அனுமதி வேண்டும். ஆட்சேபம் இருந்தால் இருபத்தொரு நாளுக்குள் எழுதலாமாம். எனக்கென்ன ஆட்சேபம்?

மார்ச் 13
எழுதிவிட்டேன். பொறாமையை எல்லாம் காரணமாக ஏற்கமாட்டார்கள். அதனால், பக்கச் சுவரில் வரும் ஜன்னல் என் தோட்டத்தைப் பார்க்கிறது, என் அந்தரங்கம் கெடும் என்று போட்டேன். தக்காளிச் செடிக்கு என்ன அந்தரங்கம்!

மார்ச் 20
ஐயோ. கவுன்சிலுக்கு வந்த கடிதங்களை எல்லாம் பெயர், வீட்டு எண்ணோடு இணையதளத்தில் போட்டுவிடுவார்களாம். யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேனே, மடச்சி! காலையில் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டே பெரில் சொன்னாள்: "என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாமே, ஹில்டா. அதை எழுதின அன்னிக்கு சாயங்காலமும் என் கேக்கைத் தின்னுட்டுத்தானே போனே?"
என் குப்பைத் தொட்டியை வெளியே வைக்காமலே உள்ளே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 29
அனுமதி கொடுத்துவிட்டார்கள். ஒரே நிபந்தனை – என் தோட்டத்தைப் பார்க்கும் ஜன்னலுக்கு மங்கல் கண்ணாடி, திறக்க முடியாதபடி. நான் கேட்டது கிடைத்தது.

ஜூலை 8
பெரிலின் புது அறையில் ஈரம் ஏறாமல் தடுக்கும் தாளை விரிக்காமலே தரை போட்டிருக்கிறார்கள். கட்டட ஆய்வாளர் உடைத்துத் திரும்பப் போடச் சொன்னாராம். கொஞ்சம் சந்தோஷப்பட்டேன். கொஞ்சமா?

ஆகஸ்ட் 30
மேவிஸ் வந்துவிட்டாள். டீக்கு யாரும் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 6
நாலு மணி. தக்காளி பறிக்கும் சாக்கில் போய் நின்றேன். மங்கல் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு உருவங்கள். முன்கதவு திறந்திருந்தது போலிருக்கிறது, பேச்சு கேட்டது.
"அந்தப் பக்கம் யாருடி இருக்கா?"
"ஹில்டா. அவளை யாரும் பார்க்கக் கூடாதாம்."
நான் கையை ஆட்டினேன். அவர்களுக்குத் தெரிந்திருக்காது.