பெட்டி உனக்கு எழுதிக்கொண்டே இருந்தது

என் மாமாவுக்கு,

சாப்பிட்டாயா என்று கேட்கத்தான் கை வருகிறது. வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஏழாவதோடு நின்றுபோனவள் நான். நீ இருந்தபோது உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. நீ போய் வருடம் திரும்புகிறது, குப்பத்துப் பிள்ளைகள் போடும் மலரில் உன்னைப் பற்றி ஏதாவது எழுதித் தா அக்கா என்றார்கள். உன்னைப் பற்றி எழுத எனக்கு வராது. உனக்கே எழுதுகிறேன், மற்றவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

உன் பெட்டியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஆபீஸில் கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து டிவிக்குக் கீழே வைத்து, இனி இதுதான் நம் வீட்டு சர்வர் என்றாயே, அந்தக் கறுப்புப் பெட்டி. போனில் இடம் இல்லாமல் போகும்போதெல்லாம் படமும் வீடியோவும் அதற்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நம் மோனிஷா பிறந்ததிலிருந்து எல்லாம் அதில்தான். உன் குரல் முழுக்க அதில்தான். வேறு எங்கேயும் இல்லை. அது போன மாதம் செத்துப்போகப் பார்த்தது மாமா.

செய்தது நான்தான், தெரியாமல். உன் படத்தை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தபோது அத்தை சொன்னது. "எந்நேரமும் அந்தப் பொட்டியாண்டதான எம்புள்ள குந்திகினு இருந்தான். அங்கியே வை." எனக்கும் சரி என்று பட்டது. பெட்டி மேல் மஞ்சள் துணி விரித்து, உன் படத்தை வைத்து மாலை போட்டேன். வெள்ளிக்கிழமைதோறும் சாம்பிராணி. பெட்டியின் முகத்தில் பச்சை விளக்கு ஒன்று இமைக்குமே, அதை உனக்கு ஏற்றிய விளக்காகவே நினைத்துக்கொண்டேன். துணி மேல் ஓட்டையை மூடுகிறது, மாலை முன் ஓட்டையை அடைக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

நீ ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதைக் கழற்றி, பெயின்ட் பிரஷ்ஷால் உள்ளே தட்டுவாய். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் பக்கத்திலிருந்து காற்றடித்தால் நம் வாசலில் துணி காயப்போட முடியாது, அந்தச் சாம்பல் தூசி இதன் வயிற்றிலும் போய்ச் சேரும் என்பாய். நான் விற்கிற மீனுக்கு ஐஸ் எப்படியோ இதற்குக் காற்று அப்படி என்பாய். கூடையைத் தூக்குகிற அவசரத்தில் சரி சரி என்பேன். நீ போன பிறகு அதை வெளியே தினமும் துடைத்தேன், பளபளவென்று. உள்ளே ஒருவரும் திறக்கவில்லை.

ஒரு மத்தியானம் அது கத்த ஆரம்பித்தது. விசிறி ஊளையிட்டது. உள்ளிருந்து டக் டக் என்று வேறொரு சத்தம். போனில் ஒரு படமும் திறக்கவில்லை. "எம்புள்ள இன்னாவோ சொல்றான்டி" என்று அத்தை அழுதது. சத்தம் தாங்காமல் ப்ளக்கைப் பிடுங்கக் கை வைத்துவிட்டேன்.

அப்போதுதான் நீ மோனிஷாவிடம் சொன்னது ஞாபகம் வந்தது. சின்னதில் அவள் இதே ப்ளக்கைப் பிடித்து இழுத்தபோது ஓடிவந்து மடியில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாயே. "கரண்ட்ட புடுங்கக் கூடாதும்மா. உள்ள நெறைய பேரு வேல செஞ்சிகினு கீறாங்க. நம்ம ஏலக்காரரு மாரி ஒருத்தரு அவங்கள பாத்துகினு கீறாரு. அவராண்ட சொல்லணும். அவரு ஒவ்வொருத்தராண்டயும் போயி, கையில கீறத எழுதி வெச்சிட்டு கெளம்பு நைனான்னு சொல்லுவாரு. எல்லாரும் போனப்புறம் கடைசியாதான் லைட்ட ஆஃப் பண்ணுவாரு. புடுங்கினா, கையில இருந்ததெல்லாம் போச்சி."

அந்த ஏலக்காரர் கதையை எனக்கும் சொன்னாய். காசிமேட்டு மீன் ஏலத்தில் ஆள் ஒருவர்தான், கூடைகளோ நிறைய. ஒவ்வொருத்தியும் அவர் தன் கூடையைத்தான் பார்க்கிறார் என்று நினைப்பாள். அவரோ இதில் கொஞ்சம் அதில் கொஞ்சம் என்று எல்லாக் கூடையையும் நகர்த்திவிடுவார், ஒருத்தியையும் வெயிலில் காக்கவிட மாட்டார். கம்ப்யூட்டருக்குள் ஆபரேட்டிங் சிஸ்டம் செய்வது அதைத்தான் என்றாய். "அப்ப அந்தாளுக்கு கமிஷன் இன்னா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனேன். நீ சிரித்தாய். சிரித்து முடித்த பிறகு உன் முகம் எப்படி இருந்தது மாமா? நான் பார்க்காமல் போய்விட்டேன்.

ப்ளக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு பாஷாவுக்கு போன் போட்டேன். கன்டெய்னர் யார்டில் உன்னோடு வேலை பார்த்த உன் தோஸ்துதான். ராயபுரத்திலிருந்து பைக்கில் வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா அண்ணி இது. உயிரோட கீறதுக்கு மால போட்டு வெச்சிக்கீற. மூச்சு முட்டுது அதுக்கு."

மாலையை எடுத்தார். உன் படத்தை இரண்டு கையாலும் தூக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்றார். பிறகு கீபோர்டை வாங்கி பாஸ்வேர்டை அடித்தார்.

"பாஸ்வேர்டு உன்னாண்ட எப்டி கீது?" என்றேன்.

"ரெண்டு பேராண்டதான் சொல்லிக்கீறேன்னு சொன்னான் அண்ணி. ஒண்ணு நானு, ஒண்ணு நீ. நீ காதுல வாங்கினியா இல்லியான்னு எனக்குத் தெரியாது."

வாங்கவில்லை. எப்போது சொன்னாய் என்பது கூட நினைவில் இல்லை.

பெட்டிக்குள் ஹார்டு டிஸ்க் இரண்டு வைத்திருந்தாயாம். ஒன்றில் எழுதுவதை அப்படியே மற்றதிலும் எழுதும், ஒன்று போனாலும் இன்னொன்று காப்பாற்றும். ஒன்று போய் மாதக்கணக்கில் ஆகிவிட்டிருந்தது. மற்றது தனியாக இழுத்துக்கொண்டிருந்தது.

"நமக்குத் தெரியலியே" என்றேன்.

"அது சொல்லிகினுதான் கீது அண்ணி. தெனமும் குமாருக்கு மெயில் போட்டுகினு கீது. ஒரு டிஸ்க்கு போச்சி, வந்து பாருன்னு. இத பாரு, இன்னிக்கி காலைல கூட."

திரையில் ஒன்றன் கீழ் ஒன்றாகக் காட்டினார். எல்லாம் உன் பேருக்கு. எதையும் யாரும் திறக்கவில்லை. நீ செத்த சேதியை அதற்கு யாரும் சொல்லவில்லை மாமா. பதில் வரவில்லை என்று அது கோபித்துக்கொள்ளவும் இல்லை, விடிந்தால் எழுதியிருக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான், நாமும் எழுதினால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

நிறுத்தினால் திரும்ப எழுந்திருக்கும் என்று நம்ப முடியாது என்றார் பாஷா. வருடக்கணக்கில் ஓடின டிஸ்க் ஒருமுறை படுத்தால் படுத்ததுதானாம். ஓடும்போதே எல்லாவற்றையும் புது டிஸ்க்குக்கு மாற்றிவிட வேண்டும் என்று ஒன்றை வாங்கிவந்தார். மேல் மூடியைக் கழற்றி, பிரஷ்ஷால் தூசியை இழுத்துவிட்டு, டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்கு நேராக வைத்தோம். அன்று நான் கூடையைத் தொடவில்லை. அத்தை, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருப்பதுபோல் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டது.

"முடிஞ்சிச்சாடா பாஷா?"

"கீதும்மா, இன்னும் கீது. நீ டீ குடி."

விளக்கு வைக்கிற நேரத்துக்கு முடிந்தது. நான் சாமி கும்பிடப் போனேன். பாஷா விடவில்லை.

"காப்பி எடுத்தா போதாது அண்ணி. தொறந்து பாத்தாதான் அது காப்பி. இதுக்கு குமாரு எங்கள எவ்ளோ திட்டிக்கீறான் தெரியுமா. மோனி, ஏதாவது ஒண்ண தொற."

மோனிஷா திறந்தது அவள் நடை பழகின வீடியோ. நீ அதில் இல்லை, போனைப் பிடித்தவன் எப்படி இருப்பாய். உன் குரல் மட்டும். "வா வா வா. அப்பாண்ட வா. அப்டித்தான் என் ராணி." உடனே என் குரல். "அந்த போன கீழ போடு மாமா. சோறு ஆறுது."

இன்னொன்றைத் திறந்தாள். காதுகுத்து. நீ குழந்தையைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறாய். "எந்நேரமும் போனு" என்கிறேன் நான். இன்னொன்று, கடற்கரை. "போதும், பேஜாரு பண்ணாத, வா." எதைத் திறந்தாலும் நீ ஆசையாக எதையோ சேர்த்துக்கொண்டிருக்கிறாய், நான் நிறுத்தச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மோனிஷா சிரித்தாள், பாஷா சிரித்தார், நானும் சிரித்தேன். அப்புறம் என்னால் முடியவில்லை.

அந்தத் திட்டை மட்டும் வெட்டி எடுக்க உனக்குத் தெரியாதா? தெரியும். ஏன் வெட்டவில்லை? அதையும் சேர்த்து, ஒன்று போனாலும் இன்னொன்றில் இருக்கட்டும் என்று இரண்டிலும் எழுதி வைத்திருக்கிறாயே.

கடைசியில் பழைய பெட்டியை நிறுத்த வேண்டியிருந்தது.

"நீ அடி அண்ணி. இத ரூட்டு மட்டுந்தான் செய்யணும்" என்றார் பாஷா. பெட்டியில் எதையும் செய்ய உரிமை உள்ள ஆளுக்கு அந்தப் பேராம். "குமாரு ஆபீஸ்ல சொல்லுவான், வூட்டுல எங்க லச்சுமிதான் ரூட்டு, நான் சும்மா வந்து போற யூசருன்னு."

அவர் சொல்லச் சொல்ல ஆங்கில எழுத்தை ஒவ்வொன்றாகத் தேடி ஷட்டவுன் என்று அடித்தேன். கடைசிப் பொத்தானில் விரல் நின்றுவிட்டது. நீ போன காலைதான் கண் முன்னால் வந்தது. இட்லி சாப்பிட்டாய். சட்டையை மாட்டிக்கொண்டே, யார்டு கேட்டில் நெட்வொர்க் இழுக்கிறது, லாரி உள்ளே போகாமல் நின்றால் டோல்கேட் வரைக்கும் வரிசை நிற்கும், திட்டுவார்கள் என்றாய். அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாய். நான் அடுப்பைப் பார்த்தபடியே "உம்" என்றேன். திரும்பினபோது சாய்ந்தபடியே இருந்தாய், உயிர் இல்லை. உன்னிடம் ஒருவரும் வந்து சொல்லவில்லையே மாமா. கையில் இருந்ததை எழுதிவைக்க உனக்கு நேரம் தரவில்லையே. என்ன வைத்திருந்தாய் கையில்? எனக்கு ஏதாவது சொல்ல இருந்ததா?

பொத்தானை அழுத்தினேன். திரையில் வரிகள் ஓடின. "ஒவ்வொருத்தரா கெளம்பறாங்க அண்ணி" என்றார் பாஷா. விசிறி மெலிந்தது. டக் டக் நின்றது. பச்சை விளக்கு கடைசியாக அணைந்தது. பெட்டி மேல் வைத்த கையைச் சூடு ஆறும்வரை நான் எடுக்கவில்லை. இதையாவது சொல்லி அனுப்பினேன்.

இப்போது உன் படம் சுவரில் இருக்கிறது, மாலையோடு. கீழே பாஷா வைத்துக்கொடுத்த புதுப் பெட்டி, மேலே ஒன்றும் இல்லாமல். ஏதாவது என்றால் அது என் போனுக்கு எழுதும், பதில் நான் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் பிரஷ்ஷை எடுப்பேன். காப்பி எடுக்கிற அன்றைக்கெல்லாம் ஒரு வீடியோவைத் திறந்து பார்ப்பேன். அதில் நான் திட்டினால் திட்டிக்கொண்டு போகிறேன். நீ பேசி முடிக்கிறவரை எழுந்து போக மாட்டேன் மாமா.

உன் தாய்மாமன் மகள்,
மோனியின் அம்மா,
லட்சுமி