லேப்டாப் மேல் போட்ட பழி

பல வருடமாக டி.ஜே. வேலை பார்ப்பவள், புதிதாக அதே தொழிலில் குதித்திருக்கும் கணவன் எழுவதற்குள் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் போன சீட்டு:

டி.ஜே. துரைக்கு,

சாப்பாடு உள்ளே இருக்கு. சூடு பண்ணிச் சாப்பிடுங்க, இல்ல பட்டினி கிடங்க.

பார்ட்டிக்குப் போறதுக்கு முன்னாடியே பாட்டையெல்லாம் நெட்லேர்ந்து இறக்கி வைங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். காதுல வாங்கினீங்களா? நேத்து நெட் போச்சு, பாட்டு நின்னுச்சு. அதோட விட்டீங்களா? மைக்கை எடுத்து, "இது என் பொண்டாட்டி லேப்டாப்பு, அதான் இப்படி"ன்னு சொல்லிக் கூட்டத்தையே சிரிக்க வச்சீங்க. அந்த லேப்டாப் என்கிட்ட ஒரு நாளும் மக்கர் பண்ணினதில்ல.

சாயங்காலம் கடைத் திறப்பு விழாவுக்கு வேண்டிய பாட்டெல்லாம் அதுலயே ஏத்திட்டேன். பென் டிரைவ்லயும் இருக்கு. சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணவான்னு கேட்கும்; கிளம்புற நேரத்துல அதுல கை வச்சீங்க, தொலைச்சுடுவேன். அடுத்த பாட்டை ஹெட்போன்ல கேட்டுட்டு அப்புறம் வெளிய விடுங்க. பாட்டு மிக்ஸ் பண்ணப் புது கன்ட்ரோலர் வேணும்னு மறுபடி ஆரம்பிக்காதீங்க. இருக்கிறதுல முதல்ல கை பழகட்டும்.

வண்டிச் சாவி செருப்பு ஸ்டாண்டு மேல.

அடியில், இடமில்லாமல் நெருக்கி எழுதியது:

மைக்கைத் தேடி வீட்டைக் கவுக்காதீங்க. அது என் பையில இருக்கு. பாட்டு நிக்காம போடக் கத்துக்கிட்டு வந்து கேளுங்க, தர்றேன்.