முதல் ஃப்ரேமில் நின்றவளுக்கு

என் வசந்தாவுக்கு,

இன்றைக்கு அமாவாசை. மத்தியானம் உனக்குப் படையல் போட்டேன். வடை மட்டும் கடையில் வாங்கினது. காக்கா வந்து வடையைக் கொத்திக்கொண்டு போனது, நான் வைத்த சாம்பார் சாதத்தை ஏறிட்டும் பார்க்கவில்லை. என் சமையலைப் பற்றி உனக்கும் அந்த அபிப்பிராயம்தானே?

ஊரே பௌர்ணமிக்குக் காத்திருக்கும். நாம் இரண்டு பேர்தான் அமாவாசைக்குக் காத்திருந்தோம். மலை சுற்ற வரும் கூட்டத்தை மாடியிலிருந்து பார்த்து, இந்த நிலா தேய்ந்தால்தான் நமக்கு வேலை என்று அலுத்துக்கொள்வாய். இப்போது அமாவாசைக்கு இன்னொரு வேலையும் சேர்ந்துவிட்டது.

செங்கம் ரோடு வீட்டை ஞாபகம் வைத்திருக்கிறாயா? பக்கத்து அறையில் தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது கேமராவையும் அந்த நீள லென்ஸையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். கீல் போட்ட இரண்டு பலகையும் ஒரு திருகாணியும் வைத்து நானே ஒரு தாங்கி செய்தேன். வானம் நகர நகரத் திருகாணியைத் திருப்பிக்கொண்டே இருந்தால் கேமராவும் கூடவே நகரும், நட்சத்திரம் கோடாக இழுபடாமல் புள்ளியாக விழும். ஆனால் கீல் துருவ நட்சத்திரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். அந்த வீட்டுக்கு வடக்கே மலை. நட்சத்திரம் மலைக்குப் பின்னால்.

வேங்கிக்காலுக்குக் குடி போனோம். ஏன் காலி செய்கிறீர்கள் என்று வீட்டுக்கார அம்மா கேட்டபோது, "துருவ நட்சத்திரம் தெரியலைங்க" என்று நீ பட்டென்று சொல்லிவிட்டாய். அந்த அம்மா இன்றைக்கும் கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் ஒதுங்கித்தான் போகிறாள்.

முதல் ரோலை ஸ்டூடியோ பாபுவிடம் கழுவக் கொடுத்தேன். ஒன்றுமே விழவில்லை சார் என்று கையை விரித்தான். விழுந்திருந்தது, அவனுக்குத்தான் தெரியவில்லை. எல்லாம் வானம் என்பதால் ஒரு படம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று புரியாமல் ஃபிலிமைக் கண்டபடி வெட்டியிருந்தான். மிருகசீரிஷம் இரண்டு துண்டு. நீ சிரித்தாய், நான் இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அதற்குப் பாபுவே ஒரு வழி சொன்னான். ரோலில் முதலில் ஒரு பகல் படம் எடுத்துவிட வேண்டும், அதன் ஓரத்திலிருந்து அளந்து மற்றதை வெட்டிவிடுவான். அன்றிலிருந்து ஒவ்வொரு ரோலுக்கும் முதல் ஃப்ரேம் நீ. சாயங்காலம் துணி எடுக்க மாடிக்கு வருவாய், நில் என்பேன், ஒரு கிளிக். அந்தப் படத்தை மட்டும் பிரிண்ட் போட வேண்டாம் என்று பாபுவிடம் நான்தான் சொல்லி வைத்தேன். எனக்கு அது வெட்டுவதற்கான அடையாளம், அவ்வளவுதான். ஒரு தடவையாவது என் படத்தைக் காட்டுங்கள் என்று நீ கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

இருட்டினதும் டார்ச்சுக்குச் சிவப்புக் காகிதம் சுற்றி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பதினைந்து விநாடிக்கு ஒரு தரம் "திருப்புங்க" என்பாய். பள்ளிக்கூடத்தில் நாளெல்லாம் கத்திவிட்டு வந்த தொண்டை அது. வால் நட்சத்திரம் வந்த வருஷம் பத்து நாள் தொடர்ந்து சொன்னாய்.

பன்னிரண்டு நாள் காய்ச்சலில் எல்லாம் முடிந்துவிட்டது. பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட ஒரு படம் வேண்டும் என்று உன் தம்பி வந்து நின்றான். கல்யாண ஆல்பத்தை எடுத்தான். வேண்டாம் என்றேன். அந்தப் படத்தில் இருக்கிற பெண்ணை எனக்கு அவ்வளவாகத் தெரியாது, வசந்தா. எனக்கு வேண்டியது காதோரம் நரைத்த, மூக்குக்கண்ணாடி போட்ட உன் முகம். முப்பத்தொரு ரோல் இருக்கிறது, முப்பத்தொரு படத்தில் உன் அக்கா இருக்கிறாள் என்று அவனிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு, நெகட்டிவை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்ப் பாபுவிடம் கொடுத்தேன்.

மறுநாள் பிரிண்டுகளை அவன் மேஜைமேல் பரப்பினான். எல்லாவற்றிலும் ஒரு புடவை, ஒரு தலை, கொடித் துணி. முகம் ஒன்றிலும் இல்லை. எல்லாம் கலங்கிக் கிடந்தது.

பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. நட்சத்திரம் கூர்மையாக விழும் இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு ரோல் செலவழித்தேன் இல்லையா? பிறகு லென்ஸின் ஃபோகஸ் வளையம் இம்மிகூட அசையக்கூடாது என்று டேப் சுற்றி ஒட்டிவிட்டேன். லென்ஸ் அத்தனை வருஷமும் வானத்துக்கே வைத்தபடி இருந்தது. பத்தடி தூரத்தில் நின்ற உனக்காக அந்த டேப்பை ஒரு தடவைகூட நான் பிரிக்கவில்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று பாபுவைக் கேட்டேன்.

"தெரியும் சார். அளக்கறதுக்குத்தானேனு நான் ஒண்ணும் சொல்லலை."

அவன்மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

அடியில் இருந்த ஒரே ஒரு படம் மட்டும் தப்பியிருந்தது. அன்றைக்கு நீ வரும் பஸ் லேட். வெளிச்சம் போகிறதே என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். தெருமுனையில் நீ திரும்பியதும் மாடியிலிருந்தே எடுத்துவிட்டேன். அவ்வளவு தூரத்தில் இருந்ததால் அதில் மட்டும் தெளிவாக இருக்கிறாய். கையில் குடை, தோளில் பை, மூக்குக்கண்ணாடி, நிமிர்ந்து என்னைத்தான் பார்க்கிறாய். வாய் திறந்திருக்கிறது. என்ன சொன்னாய் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"கிட்ட வர்ற வரைக்கும் பொறுக்க மாட்டீங்களா?"

பெரிதாக்கிப் பார்த்தால் முகம் பொரிப்பொரியாக உடைந்துவிடுகிறது. அதனால் முழுப் படத்தையும் அப்படியே சட்டம் போட்டு மாட்டிவிட்டேன். தெரு, லைட் கம்பம், மூலையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நீ. ரொம்ப சின்னதா இருக்கே மாமா என்று உன் தம்பி வருத்தப்பட்டான். துக்கம் கேட்க வருகிறவர்கள் மாலையைப் பார்த்துவிட்டு எங்கே என்று தேடுகிறார்கள். கம்பத்துக்கு இடது பக்கம், கொஞ்சம் கீழே என்று காட்டுகிறேன். நம் கல்யாணத்தில் பட்டப்பகலில் ஐயர் அருந்ததி காட்டினாரே, அந்த மாதிரி. அன்றைக்கு நாம் பார்த்ததாகப் பொய் சொன்னோம். இவர்களில் எத்தனை பேர் நிஜமாகப் பார்த்தார்கள் என்று தெரியவில்லை.

போன அமாவாசைக்குத் தனியாக முயற்சி செய்தேன். கடிகாரத்தைப் பார்த்தால் திருப்ப மறக்கிறது, திருப்பினால் நேரம் தவறுகிறது. வானம் முழுக்கக் கோடு. தெருவிலும் மஞ்சள் விளக்கு போட்டுவிட்டார்கள், நட்சத்திரம் கம்மியாகத்தான் தெரிகிறது. பாதியில் நிறுத்திவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் என்னிடம் எதையாவது செய்யச் சொல்ல ஆள் இல்லை, வசந்தா. அது இவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இன்றைக்கு லென்ஸில் இருந்த டேப்பைப் பிரித்துவிட்டேன். பழைய பசை, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தும் முழுசாகப் போகவில்லை. வளையம் தாராளமாகச் சுற்றுகிறது.

புது ரோல் போட்டிருக்கிறேன். உன் பஸ் வரும் நேரத்துக்கு மாடியில் நிற்பேன். முதல் ஃப்ரேம் எப்போதும்போல உனக்குத்தான். இந்தத் தடவை அவசரப்பட மாட்டேன். நீ கிட்ட வர்ற வரைக்கும் பொறுத்திருப்பேன்.

உன் வீட்டுக்காரன்,
ஏகாம்பரம்