ஒருத்தியும் நாற்பத்தெட்டுப் பேரும்

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. வார்டில் உன்னை டாக்டர் என்றும் நீங்கள் என்றும் கூப்பிட்டுப் பழகிப்போன வாயை வைத்துக்கொண்டு இதை எழுதினால் சொல்ல வந்தது பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். இது வீட்டுக் கடிதம். அதனால் நீ என்றே எழுதுகிறேன்.

அண்ணியும் பிள்ளைகளும் நலம். பெரியவளுக்குப் பரீட்சை முடிந்ததும் உன்னிடம் வந்துவிடுவார்களாம், சாமான் கட்ட ஆரம்பித்தாயிற்று. என் வீட்டுக்காரருக்கு முழங்கால் வலி தேவலை. உன் புது ஆஸ்பத்திரியில் உனக்குத் தனி அறை, வாசலில் பெயர்ப்பலகை எல்லாம் உண்டு என்று அண்ணி சொன்னாள். சந்தோஷப்படத்தான் பார்த்தேன், முடியவில்லை.

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை உன்மேல் பரிதாபம் வந்தது. மூன்றாவது தடவை ஆத்திரம் வந்தது. இன்னும் அடங்கவில்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை விசாரணையில் நான் என்ன சொல்ல வேண்டும் என்று நீயே வாசகம் எழுதி அனுப்பியிருக்கிறாய். அன்று காலை டயாலிசிஸ் தண்ணீரை நம் சோதனைக்காரப் பெண் சொட்டு சோதிக்கவே இல்லை, பதிவேட்டில் கட்டம் காலியாக இருப்பது அதனால்தான், பொறுப்பு நர்ஸாகிய நான் அதைக் கவனிக்கத் தவறவில்லை, அவள்தான் சோதித்துவிட்டதாகப் பொய் சொன்னாள். கீழே கையெழுத்துக்குக் கோடு கூடப் போட்டிருக்கிறாய். உன் அக்கறையே அக்கறை.

நடந்ததை நான் எழுதுகிறேன், நீ படி. காலை ஐந்தே முக்காலுக்கு அந்தப் பெண் எப்போதும்போல வடிகட்டித் தொட்டியைத் தாண்டி வரும் தண்ணீரைக் குப்பியில் பிடித்தாள். மருந்தை வாய்விட்டு எண்ணி எண்ணி விட்டாள். அவளுக்குச் சொட்டு என்று பட்டப்பெயர் வைத்தவனே நீதான். குளோரின் இல்லையென்றால் நிறம் மாறக் கூடாது. அன்று ரோஸ் நிறம் வந்தது. குப்பியை என் மேஜைக்குக் கொண்டுவந்து, "சிஸ்டர், வரக்கூடாத கலர் வந்திருக்கு, மெஷின் போட வேணாம்" என்றாள். பதிவேட்டில் எழுதினாள். நானும் பார்த்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் செய்தேன்.

நீ என்ன சொன்னாய் என்பது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. "லேசான ரோஸ்தானே, போடு. இன்னைக்கு நிறுத்தினா இருபத்துநாலு பேர் திரும்பிப் போவாங்க. அதுல ரெண்டு பேராவது நாளைக்கு மூச்சுத் திணறலோட வருவாங்க" என்றாய். வடிகட்டியில் குளோரினை உறிஞ்சும் கரியை மாற்ற வேண்டிய நாள் தாண்டி அப்போதே ஐந்து வாரம். மாற்ற ஒரு நாள் முழுக்க நிறுத்த வேண்டும். ஒவ்வொரு தடவையும் இதே இருபத்துநாலு பேரைச் சொல்லித்தான் தள்ளிப்போட்டாய். அந்த வாரம் மழைத்தண்ணீர் கலங்கி வந்ததால் குடிநீர் நிலையத்தில் குளோரினை அதிகமாகப் போட்டிருந்தார்கள். அது உன் கணக்கில் இல்லை. எப்படி இருக்கும், நாளைக்கு நடப்பது யாருக்குத் தெரியும். நீ மட்டும்தான் தெரிந்த மாதிரி பேசினாய்.

நான் மெஷினைப் போட்டேன். அதை மறைக்கவில்லை. சொட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் சொல்லிட்டார், போ என்றேன்.

முதல் ஷிப்டில் படுத்த எட்டுப் பேரில் ஏழு பேர் வாந்தியோடும் தலைவலியோடும் பிழைத்துக்கொண்டார்கள். ஜன்னல் பக்கத்துப் படுக்கைத் தையல்கார அம்மா மூன்றாம் நாள் போய்விட்டார். மூன்று வருஷமாக வந்தவர். ஒரு கையில் ஊசி குத்தியிருக்கும், மறு கையால் என் சட்டைக் காலரைப் புரட்டிப் பார்த்து, எந்தப் புண்ணியவான் தைத்தது இது என்று கேட்டு மானத்தை வாங்குவார். அவர் உன் கடிதத்தில் எங்கேயும் இல்லை. தேடிப் பார்த்தேன். அசம்பாவிதம் என்று ஒரு வார்த்தை இருக்கிறது, அதுதான் அவர் போலிருக்கிறது.

மெஷின் போட்ட அன்று மாலையே பதிவேட்டைப் புதிதாக எழுதச் சொன்னாய். அந்த ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவிடு, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாய். நானும் உட்கார்ந்து எழுதினேன். இந்தக் கட்டத்துக்குள் ஒரு பெண்ணைத் தள்ளத்தான் விடச் சொல்கிறாய் என்று அப்போது என் மண்டைக்கு ஏறவில்லை. பழையதைக் கிழித்துப் போடச் சொன்னாயே, அதைக் கிழிக்கவில்லை. துணி அலமாரியில் படுக்கை விரிப்புகளுக்கு அடியில் பத்திரமாக இருக்கிறது.

உன் நியாயத்துக்கு வருகிறேன். தவறு டாக்டருடையது, நிர்வாகத்துடையது என்று தெரிந்தால் வார்டை மூடிவிடுவார்கள். நாற்பத்தெட்டு நோயாளிகளுக்கும் அடுத்த இடம் நான்கு மணி நேரப் பயணம். ஒரு சோதனைக்காரியின் கவனக்குறைவு என்றால் அவளை அனுப்பிவிட்டு வார்டு நடக்கும். ஒருத்தியின் வேலை ஒரு பக்கம், நாற்பத்தெட்டு உயிர் ஒரு பக்கம், இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறாய். சின்ன வயது, வேறு வேலை கிடைக்கும் என்றும் எழுதியிருக்கிறாய்.

வேலை மட்டுமா போகும்? தையல்கார அம்மாவின் மகன் காலிக் கட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு வார்டு வாசலில் நின்று அவளைக் கொலைகாரி என்று கத்தினான். அவள் தலை குனிந்து நின்றாள். அந்தத் தெருவில் அவள் எத்தனை வருஷம் நடக்க வேண்டும், அதற்கு எத்தனை மதிப்பெண் போட்டாய்?

நான் ஒன்றும் எண்ணத் தெரியாதவள் இல்லை, அண்ணா. ஒரு மெஷின் பழுதானால் யார் முதலில், யார் காத்திருப்பது என்று தினமும் எண்ணித்தான் முடிவு செய்கிறோம். அது சரிதான், வேறு வழி இல்லை. ஆனால் காத்திருக்கிறவரிடம் காரணம் சொல்லிக் காத்திருக்க வைக்கிறோம். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிறது. சொட்டின் முகத்தைப் பார்த்து உன்னால் சொல்ல முடியுமா? நீ சரியாகச் சோதித்தாய், எங்களை எச்சரித்தாய், ஆகையால் குற்றத்தை நீ ஏற்றுக்கொள், அது எல்லோருக்கும் நல்லது என்று? முடியாது. அதனால்தான் எனக்கு எழுதியிருக்கிறாய்.

இன்னொன்று. நாற்பத்தெட்டுப் பேர் பிழைப்பது அவள் வாங்கிக்கொள்கிற லாபம் இல்லை. இழப்பது முழுக்க அவள், பெறுவது முழுக்க மற்றவர்கள். எல்லோரையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் கலக்கி, மொத்தத்தில் நன்மைதானே என்கிறாய். அந்தப் பாத்திரத்தில் நீ மட்டும் விழாமல் விளிம்பில் நிற்பதைக் கவனித்தாயா? நானும் என் பாட்டுக்கு எண்ணிப் பார்த்தேன். நீ போய் உண்மையைச் சொன்னாலும் இழப்பது ஒருவர்தான். அந்த ஒருவர் நீ என்கிறபோது மட்டும் ஏன் எண்ணிக்கை மாறுகிறது? என் பெயர் வெளியே வராது என்று வேறு தைரியம் சொல்லியிருக்கிறாய். நான் கேட்டேனா?

நாளைக்கு வேறொரு பெண் அந்தக் குப்பியைப் பிடிப்பாள். நிறம் மாறினால் எழுதுவாளா? எழுதியவளுக்கு என்ன ஆயிற்று என்று வார்டில் எல்லோருக்கும் தெரியும். நீ காப்பாற்றுவதாகச் சொல்கிற நாற்பத்தெட்டுப் பேரும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் கையை நீட்ட வேண்டும். ஆனால் இதற்காக மட்டும் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதே. எந்தக் கெடுதலும் வராது என்று யாராவது எழுதிக் கொடுத்தாலும் அந்தக் கோட்டில் என் கையெழுத்து விழாது. என்னால் முடியாது என்பதற்கு மேல் எனக்குக் காரணம் தெரியவில்லை.

இதெல்லாம் சுலபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. நேற்று நம் பஸ் கண்டக்டர், அதுதான் மூன்றாம் ஷிப்டில் வருவாரே, அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. "சிஸ்டர், கேக்கறாங்கன்னா எழுதிக் குடுத்துடுங்க. எனக்கு இந்த மெஷினை விட்டா வேற போக்கிடம் இல்ல" என்றார். அவரிடம் என்ன சொல்வேன்? வார்டு மூடினால் அவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியாது. ஒரு வேளை நீ சொன்னபடியே நடக்கலாம். அப்போதும் என் தூக்கம் போகும். அதற்காக அதிகாரிகளின் காலில் விழத் தயார், புதிய கரி வரும்வரை நான்கு மணி நேரப் பயணத்துக்கு வண்டி கேட்டு வாசல் வாசலாக நிற்கத் தயார். அதற்கெல்லாம் நீ இருந்தால் இன்னும் நடக்கும். உன் வாய் சாமர்த்தியம் எனக்கு ஏது. அதை இந்தப் பக்கம் திருப்பியிருக்கலாம் என்பதுதான் என் ஆத்திரம்.

சொட்டு நேற்று வீட்டுக்கு வந்தாள். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. டாக்டர் வந்தால் உண்மையைச் சொல்லிவிடுவார், இல்லையா சிஸ்டர் என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அது பொய்யா இல்லையா என்பது உன் கையில் இருக்கிறது.

அண்ணியிடம் இதுவரை எதுவும் சொல்லவில்லை. உன் பிரஷர் மாத்திரை இங்கேயே இருந்துவிட்டது என்று கவலைப்படுகிறாள். அங்கே வாங்கிக்கொள், நிறுத்தாதே. கோபத்தில் எழுதுகிறேன் என்பதற்காக நீ நன்றாக இருக்க வேண்டும் என்று நினைக்காமல் இல்லை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு என்னை உள்ளே கூப்பிடுவார்கள். பழைய பதிவேட்டோடு போகிறேன். ரோஸ் நிறம் வந்ததையும், நீ சொன்னதையும், நான் மெஷினைப் போட்டதையும், புதுப் பதிவேட்டை எழுதியதையும் சொல்வேன். என் வேலை போகும், போகட்டும். என்னால் தாங்க முடியாதது வேறு. நான் சொல்லித்தான் உன்னைப் பிடித்தார்கள் என்று ஆகிவிடும். ஆயுசு முழுக்க உன் வீட்டு வாசலில் எந்த முகத்தோடு நிற்பேன்?

புதன்கிழமை காலை வண்டியில் ஏறினால் மாலைக்குள் வந்துவிடலாம். ஒன்பதரைக்கே அந்த அறைக்குப் போய் நீயே சொல்லிவிடு. சின்ன வயதில் எங்கே போனாலும் நீ முன்னால், நான் பின்னால் என்றுதான் வந்திருக்கிறேன். இதற்கும் எனக்கு முன்னால் போ, அண்ணா. என்னை முதலில் போக வைக்காதே.

பதிலை எதிர்பார்க்காமல் உன்னையே எதிர்பார்க்கும்,
உன் தங்கை