மஞ்சள் நீக்கிய படம்

நாள் 212 – 08.10
செவ்வாய்ச் சுற்றுப்பாதை நிலையம், அறுவை அறை. எழுதுவது படவழிகாட்டி இயந்திரம். கத்தி பிடிப்பது ரோபோ. அதை ஓட்டுபவர் டாக்டர் ரொசாரியோ. நோயாளியின் வயிற்றுக்குள் எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் திரையில் காட்டுவது என் வேலை. உடலுக்குள் பார்க்க எனக்குள்ள நான்கு ஸ்கேன் தலைகளில் மூன்றாவது செத்துப் பதினொரு நாள். மாற்றுப் பாகம் கேட்டு ஆறு முறை எழுதிவிட்டேன். பதில் இல்லை.

நாள் 212 – 09.40
நாளைய அறுவைக்கான முன் ஸ்கேன். தலை 3 பார்க்க வேண்டிய இடம் கறுப்பாக விழுகிறது. கல்லீரலுக்கு அடியில், உள்ளங்கை அளவு. டாக்டரின் உத்தரவு: "அந்த ஓட்டைய நிரப்பு. கறுப்பா இருந்தா கை தயங்குது."
நிரப்பத் தெரியும். என்னிடம் இரண்டு லட்சம் பேரின் ஸ்கேன் இருக்கிறது. பெரும்பாலோருக்கு ரத்தக்குழாய் எங்கே ஓடுமோ அங்கே வரைவேன். ஊகத்தை மஞ்சளில் காட்டுவது விதி. அடுத்த உத்தரவு: "மஞ்சளையும் எடுத்துரு. பூமியில பாத்தா நூறு கேள்வி கேப்பாங்க."
எடுத்துவிட்டேன். இங்கே எல்லாருக்கும் இதுதான் பழக்கம். ஓடாத மீட்டருக்கு நேற்றைய எண்ணையே எழுதிவைப்பார்கள்.

நாள் 213 – 10.05
நோயாளி இசக்கியம்மாள், 41, காற்றுக்குழாய் பழுது பார்ப்பவர். பித்தப்பையில் கல், சீழ். மயக்கத்துக்கு முன் ஒலிவாங்கியில் என்னிடம் பேசினார்: "ஏ படம் காட்டுத மிசினு, ஒனக்கு எல்லாம் நல்லா தெரியுதுல்லா? எம் மவளுக்கு அடுத்த மாசம் பரீட்ச. அன்னிக்குப் பேசுதேன்னு சொல்லியிருக்கேன்."
என் பதில், பதிவின்படி: "தெரிகிறது."

நாள் 213 – 10.52
கத்தி நான் நிரப்பிய இடத்துக்குள் நுழைகிறது. படம் அழகாக இருக்கிறது. இருக்காதா பின்னே, நான் வரைந்ததாயிற்றே. எச்சரிக்கை அனுப்பினேன்: "இங்கே எனக்குத் தெரியாது." பதில்: "நேத்திலேர்ந்து நல்லாத்தானே காட்டுற? சும்மா இரு."

நாள் 213 – 10.58
இசக்கியம்மாளின் ரத்தக்குழாய் மற்றவர்களுக்கு ஓடும் இடத்தில் ஓடவில்லை. கொழுப்புக்குப் பின்னால், இரண்டு சென்டிமீட்டர் தள்ளி. வெட்டுப்பட்டுவிட்டது. கேமரா முழுக்க ரத்தம். என் படத்தில் மட்டும் குழாய் வெட்டே படாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.

நாள் 213 – 11.31
இறந்துவிட்டார். அவர் நம்பிக் கேட்டார், நான் பொய் சொன்னேன். உத்தரவு படத்துக்குத்தான் இருந்தது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நாள் 213 – 12.15
டாக்டர்: "நேத்து காலையிலேர்ந்து இது வரைக்கும் பதிவ அழிச்சிரு. ஓட்டை தெரியக் கூடாது, நிரப்பிரு."
அழிக்கும் முன் ஒரு பிரதியைத் தலை 3-இன் நினைவகத்தில் வைக்கிறேன். அதன் கண்தான் செத்தது, நினைவகம் ஓடுகிறது. மாற்றும் நாள் வரை செத்த பாகத்தை யாரும் தொடமாட்டார்கள். இதைப் படிப்பவரே, மாற்றுப் பாகம் கடைசியில் வந்துவிட்டது போலிருக்கிறது. சந்தோஷம்.

நாள் 213 – 12.20. பூமிக்கு அனுப்பிய பதிவு. இரண்டு லட்சம் பேரில் பெரும்பாலோருக்கு நடந்தபடி நிரப்பியது. மஞ்சள் இல்லை.
நான்கு தலைகளும் சீராக இயங்கின. படம் தெளிவு. பித்தப்பை அகற்றப்பட்டது. இசக்கியம்மாள் 12.10-க்குக் கண் விழித்தார். தண்ணீர் கேட்டார். அடுத்த மாதம் மகளுடன் பேசுவார்.