ரோஸ் கூலன்ட்தான், மாமா!

மாமா,

உங்க மகளையும் பேத்தியையும் இன்னைக்கே வீட்டுக்கு அனுப்புறாங்களாம்! இப்பதான் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துச்சு. நான் பஸ் பிடிச்சு ஓடுறேன். மத்தியானம் நீங்க காரைக் கொண்டு வாங்க. சாவி டிவி மேல.

ஆனா ரேடியேட்டர் காலி! பாப்பாவுக்கு யார் மூக்குன்னு சண்டை போட்டு ஒரு வாரமா நாம பேசலையே, அப்ப நீங்க ரோஸ் கூலன்ட் ஊத்தினது எனக்குத் தெரியாது, நான் பச்சை ஊத்தினது உங்களுக்குத் தெரியாது. ரெண்டும் சேர்ந்து உள்ளே சேறாயிடுச்சு. எல்லாத்தையும் வடிச்சுக் கழுவிட்டேன். புதுசு கலக்குறதுக்குள்ள போன் வந்துடுச்சு.

கார் புத்தகத்துல ரோஸ்தான் போட்டிருக்கு. நீங்க ஊத்தினதே சரி. புது கேன் மேஜை மேல இருக்கு. பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊத்துங்க. குழாய்த் தண்ணி வேண்டவே வேண்டாம். பழைய நீல வாளியில கலக்குங்க. பாப்பாவோட புது வாளியைத் தொட்டீங்க, அவ்வளவுதான்!

– மாப்பிள்ளை

பி.கு.: இன்ஜின் சூடா இருக்கும்போது மூடியைத் திறந்துடாதீங்க.

இன்னொண்ணு: மூக்கும் உங்க மூக்குதான், ஒத்துக்கிறேன். நேத்து பாப்பா கத்தின கத்தல்ல தெரிஞ்சுபோச்சு, அந்த மூக்குக்கு மேல வர்ற கோபமும் உங்களுதுதான்.