செவ்வாய்க்கிழமை வந்த சட்டை

என் கண்ணு பெரியவளுக்கு,

அம்மா எழுதறேன். நீ, மாப்பிள்ளை, குழந்தை மூணு பேரும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு வேண்டிக்கிட்டே இருக்கேன். நாங்களும் அப்படியேன்னு எழுதி முடிச்சிடத்தான் பார்த்தேன், கை ஓடலை. அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்திருக்காங்க, ஆனாலும் வாட்ச்மேன் வேலைக்கு ஒரு நாள் தவறாம போறார், வீட்ல உட்கார்ந்தா பைத்தியம் பிடிச்சிடும்னு சொல்றார். எனக்கு வழக்கம்போல ஆஸ்பத்திரிச் சலவை, மெஷின் ரெண்டுல ஒண்ணு படுத்திடுச்சு, போர்வை எல்லாம் கையாலதான். போன்ல நீ கேட்டப்பல்லாம் எல்லாம் சரி, எல்லாம் சரின்னு நான் மழுப்பினது யாரோ ஒட்டுக் கேட்கறாங்கன்னு மட்டும் இல்லை. உன்கிட்ட சொல்ல வாய் வராத காரியம் ஒண்ணு செஞ்சுட்டேன். உன் கடுதாசியைக் கொண்டு வந்த அந்த நர்ஸ் பொண்ணு லீவு முடிஞ்சு நாளைக்கு உங்க ஊருக்குக் கிளம்பறா, அதான் உட்கார்ந்து எழுதறேன். முழுசாப் படிச்சுட்டு அப்புறம் என்னைத் திட்டு.

தம்பியைச் சலூன் நாற்காலியில இருந்து பாதி முடி வெட்டினபடியே இழுத்துட்டுப் போய் எட்டு மாசம் ஆச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல போலீஸ் அடிச்சதைப் போன்ல படம் எடுத்தான், அதுதான் அவன் பண்ணின கொலைக்குத்தம். ஜெயிலோட பின்பக்க கேட்ல செவ்வாய்க்கிழமை ஆனா நாங்க பத்துப் பன்னிரண்டு பொம்பளைங்க பையோட நிக்கறது உனக்குத் தெரியும். உம் பிள்ளை இங்க இல்லைம்மான்னு கேட்டுக்காரன் சொல்வான், சொல்லிட்டே துவைச்ச துணியை வாங்கிக்குவான், போன வாரத்து அழுக்கை ஜெயில் முத்திரை குத்தின சாக்குப் பையில கட்டித் தூக்கிப் போடுவான். இல்லாத பிள்ளைக்கு எப்படிடா காலர் அழுக்காகும்னு ஒரு நாள் கேட்டே விட்டேன், சிரிச்சான் பாவி. சீட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது. எனக்கு அந்த அழுக்குதான் அவன் போடற கடுதாசி. மோந்து பார்த்து, அவன் வேர்வைதான்னு தெரிஞ்சுக்கிட்ட பிறகுதான் அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கும்.

நீ புகார் கொடுத்த அந்த வெளிநாட்டுக் கமிட்டிக்காரங்களை இந்த அரசாங்கம் ஏர்போர்ட்டைத் தாண்ட விடலை, மூணு தடவை கேட்டும் அப்படி ஓர் ஆளே எங்ககிட்ட இல்லைன்னு ஒரே பதில்தான்னு நர்ஸ்கிட்ட கொடுத்தனுப்பின கடுதாசியில எழுதியிருந்தே. அழுக்குத் துணியைப் பை முடிச்சைக்கூட அவிழ்க்காம கொடுத்தனுப்பு, வேர்வையும் ரத்தமும் அவனுதுதான்னு சோதிச்சுக் காட்டலாம், முத்திரை ஜெயிலைக் காட்டிக் கொடுக்கும், அடுத்த மாசக் கடைசிக்குள்ள ஆதாரம் எதுவும் வரலைன்னா கோப்பை மூடிடுவாங்கன்னு அடிக்கோடு வேற போட்டிருந்தே. எல்லாத்தையும் படிச்சேன் கண்ணு. ரெண்டு தடவை படிச்சேன். தெரியாம செஞ்சேன்னு மட்டும் நினைச்சுடாதே.

மறுநாள் செவ்வாய்க்கிழமை பை வந்தது. அவிழ்க்கக் கூடாதுன்னுதான் வீடு வரைக்கும் மடியில இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு வந்தேன். ஒரே ஒரு தடவை மோந்து பார்த்துட்டுக் கட்டி வெச்சிடலாம்னு முடிச்சை அவிழ்த்தேன். அந்த நீலச் சட்டை. முன்பக்கம் ஒண்ணும் இல்லை. திருப்பினேன். முதுகுப் பக்கம் துணியே தெரியலை, தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் காஞ்சு விறைச்சுப் போயிருந்தது. என்ன பண்ணினாங்களோ என் பிள்ளையை. சத்தம் போட்டு அழக்கூட முடியலை, அப்பா வேலை முடிஞ்சு வர்ற நேரம், அவர் நெஞ்சு இதைத் தாங்காது. மறைக்கணும்னு பக்கெட்ல அமுக்கினேன். அமுக்கினதுதான் தெரியும். பச்சைத் தண்ணி, உப்பு, நகத்தால மெல்லத் தேய்ச்சு, திரும்பவும் பச்சைத் தண்ணி. இருபத்தாறு வருஷமா ஆபரேஷன் துணி துவைக்கிற கைடி இது. மூணாவது தண்ணி தெளிவா வந்தப்பதான் எனக்கு நினைவே வந்தது. அரைகுறையாத் துவைக்கிறவளா இருந்திருந்தா ஒரு மூலையிலயாவது மிச்சம் இருந்திருக்கும், பாழாப்போனவ சுத்தமா எடுத்துட்டேன். தலைதலையா அடிச்சுக்கிட்டேன். அப்பா வந்து கொடியில தொங்கின சட்டையைத் தடவிப் பார்த்துட்டு, பரவாயில்லையே, ஒரு கிழிசல்கூட இல்லை, நல்லாத்தான் வெச்சிருக்காங்க போலன்னு சொன்னார். அன்னைக்கு ரெண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவரை ஏமாத்தறதுக்கு அரசாங்கம் எதுக்கு, நானே போதும்.

அடுத்த வாரம் அந்தச் சட்டையையே எடுத்துட்டுப் போனேன். கேட்டுக்காரன் வாங்கலை. உம் பிள்ளை பேர்ல எந்தப் பையும் என்னைக்குமே வந்தது கிடையாதுன்னு மேலே பார்த்துக்கிட்டே சொன்னான், அழுக்குப் பையும் தரலை. உங்க கமிட்டியோட அடுத்த கடுதாசி அரசாங்கத்துக் கைக்குப் போய்ச் சேர்ந்த வாரம் அது. பொய் சொல்லலை, அன்னைக்கு உன்மேல எனக்கு அப்படி ஒரு கோபம். நீ புகார் கொடுக்காம இருந்திருந்தா அழுக்காவது வந்துட்டிருக்குமேன்னு உன்னைச் சபிக்காத குறை. அப்புறம் யோசிச்சேன், அந்த முதுகு நீ புகார் கொடுத்ததாலயா அப்படி ஆச்சு, அவங்க கொடுமைக்கு நீ என்ன பண்ணுவே. மன்னிச்சுக்கோ.

வரிசையில எனக்குப் பக்கத்துல நிக்கிற டீச்சரம்மாவைப் பத்திச் சொல்லியிருக்கேன்ல, ஒரு தடவை அவங்க பிள்ளையோட துண்டு நம்ம பையில மாறி வந்ததே, ரெண்டு பேரும் ஒரே அறையிலன்னு அப்பதானே தெரிஞ்சது. அவங்க பையை இன்னும் வாங்கிக்கறான். உம் பிள்ளை பனியன் ஒண்ணைக் கொடு, என் பிள்ளை துணிக்குள்ள வெச்சு அனுப்பறேன், அவன் கொடுத்துடுவான்னாங்க. அந்தத் தாயை எந்தக் காலத்துலயும் மறக்க மாட்டேன், மாட்டியிருந்தா அவங்க பையும் நின்னிருக்கும். நேத்து செவ்வாய்க்கிழமை அந்தப் பை திரும்பி வந்தது. டீச்சரம்மா என் மூஞ்சியைப் பார்க்காமலே பனியனை எடுத்துக் கையில கொடுத்தாங்க. மூணா மடிச்சு ஓரத்தை உள்ளே சொருகற எங்க ஆஸ்பத்திரி மடிப்பு, நான் மடிச்சது, அப்படியே இருக்கு. யாரும் பிரிக்கலை. நீ படிச்சவ, அதுக்கு என்ன அர்த்தம்னு நான் எழுத வேண்டாம். வேற ஜெயிலுக்கு மாத்தியிருப்பாங்கன்னு டீச்சரம்மா சொல்றாங்க. நானும் ஆமாங்கறேன். சாயங்காலம் வரைக்கும் அந்தப் பனியனை மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்பாகிட்ட இன்னும் சொல்லலை.

இப்ப நான் சொல்றதைக் கேளு. கமிட்டிக்காரங்ககிட்ட எதையும் மறைக்காதே. ஆதாரத்தை அழிச்சது அம்மாதான்னு எழுது, என் பேர், வேலை செய்யற இடம், வீட்டு விலாசம் எல்லாம் போடு, எனக்கு இனிமே என்ன பயம். சட்டை முதுகு எப்படி இருந்ததுன்னு நான் மேலே எழுதினதை அப்படியே அவங்க பாஷையில மாத்திக் கொடு. இருக்கானா இல்லையான்னு இனிமே கேட்க வேண்டாம், போன மாசம் ரெண்டாவது செவ்வாய் வரைக்கும் அவன் அங்கேதான் இருந்தான், அவன் அம்மா சொல்றேன். அதுக்கப்புறம் எங்க கொண்டு போனீங்கன்னு கேட்கச் சொல்லு. கோப்பை மட்டும் மூட விட்டுடாதே, உன் கால்ல விழுந்து கேட்கறேன், மூட விட்டுடாதே.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும். மாப்பிள்ளையை அனுசரிச்சுப் போ, குழந்தைக்கு வேளாவேளைக்குப் பால் கொடு, அழுதுக்கிட்டே கொடுக்காதே. நர்ஸ் கையில ஒரு சாக்குப் பை வரும், ஜெயில் முத்திரையோட, இறுக்கி முடிச்சுப் போட்டது. உள்ளே டீச்சரம்மா பிள்ளையோட அழுக்குச் சட்டை. பனியனை எடுத்ததும் அவங்களே முடிச்சைத் திரும்பப் போட்டுக் கொடுத்தாங்க, அந்தப் பையனாவது பிழைக்கட்டும், அவன் வெளியே வந்தா நம்ம பிள்ளையைப் பத்தியும் சொல்வான். நான் அதைத் தொடலை, பக்கெட்டைக் கவுத்து வெச்சுட்டு வெளியே போய் நின்னுட்டேன். ஆனா நீ என் வயித்துல பிறந்தவ, பார்த்தா உனக்கும் கை பரபரக்கும். கண்ணை மூடிக்கிட்டுக் கொண்டு போய்க் கொடுத்துடு கண்ணு. துவைச்சிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா